ஆர்பிஜி கேம்களில் நிஜமும் மாயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராகன் பறக்கும் உலகத்தில் கதாநாயகனுக்குப் பசிக்க வேண்டுமா? கீழே விழுந்தால் கால் உடைய வேண்டுமா? ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக மாறி, அதன் திறமையை வளர்த்துக்கொண்டே ஆடும் கேம்) செய்ய உட்காரும் எந்தக் குழுவிலும் முதல் மாதத்திலேயே எழும் கேள்விகள் இவை. உதாரணங்கள் எல்லாம் வெளிவந்த கேம்களிலிருந்து எடுத்தவை. கணக்குகளை நீங்களே ஒரு தாளில் போட்டுச் சரிபார்க்கலாம்.

நிஜம் எவ்வளவு, மாயம் எவ்வளவு கலந்தால் சரியாக இருக்கும்?

அப்படி ஒரு விகிதம் கிடையாது. ஆடுபவர் திரையில் கண்டதை வைத்து எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்கிறார். நெருப்பு நம் வீட்டு அடுப்பு நெருப்பு மாதிரி எரிந்தால், மழையில் அது அணையும் என்று நம்புவார். எதிரி சாதாரண மனிதன்போல் தெரிந்தால், தலையில் அடிபட்டதும் விழுவான் என்று நம்புவார். "இங்கே விதி வேறு" என்று நீங்கள் காட்டாத இடத்திலெல்லாம் நிஜ உலகத்தின் விதிதான் அவர் மனதில் ஓடும்.

2016இல் வந்த தி டிவிஷன் இதற்கு நல்ல பாடம். நியூயார்க் தெருக்களை அச்சு அசலாகக் கட்டியிருந்தார்கள். அந்தத் தெருவில் சாதாரண உடையோடு நின்ற கொள்ளையன், எண்ணின்படி லெவல் கூடியவன் என்பதால், மேகசின் மேகசினாகத் தோட்டாவை வாங்கிக்கொண்டு நின்றான். பரவலாக எழுந்த முதல் குறை அதுதான். 2009இல் வந்த பார்டர்லேண்ட்ஸிலும் எதிரிகள் அப்படித்தான் தாங்கினார்கள். ஆனால் அதன் உருவங்கள் காமிக்ஸ் கோடுகளால் வரைந்தவை, அடித்தால் எண்கள் பறக்கும். அந்தக் கண்ணோடு பார்க்கிறவருக்கு அது உறுத்தவில்லை.

அகப்பாடலுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் சேர்ந்ததைப் புலனெறி வழக்கம் என்றார்கள். கேம் டிசைனருக்கும் வேலை அதுதான்: உலகியலை எந்த இடத்தில் விட்டு விலகுகிறோம் என்று தெரிந்து விலகுவது.

எதை நிஜமாக வைப்பது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது?

உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிஜ அம்சத்தையும் (பசி, எடை, ஆயுதத் தேய்மானம், குளிர், இருட்டு) எடுத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இது இருப்பதால் ஆடுபவர் ஏதாவது முடிவெடுக்க வேண்டி வருகிறதா? அந்த முடிவு ஒவ்வொரு முறையும் வேறாக இருக்குமா?

இருட்டை எடுத்துக்கொள்வோம். டிராகன்ஸ் டாக்மாவில் இரவு உண்மையிலேயே இருட்டு. லாந்தரில் எண்ணெய் தீரும். "இப்போதே கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்வோமா, விடியும்வரை இங்கேயே தங்குவதா?" என்ற முடிவு ஒவ்வொரு பயணத்திலும் வேறு வேறாக வரும். அதை வைத்துக்கொள்ளுங்கள். குதிரை ஏறும்போதெல்லாம் சேணத்தை இறுக்க வேண்டும் என்று வைத்தால், பதில் எப்போதும் "இறுக்கு" என்பதுதான். அங்கே முடிவே இல்லை, ஒரு பட்டனை அமுக்கும் வேலை மட்டும். அதை எடுத்துவிடுங்கள். அனிமேஷனில் அழகுக்குக் காட்டினால் போதும்.

பசி, தூக்கம் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஸ்கைரிமில் (2011) நேர வேகம் 20: நிஜத்தில் ஒரு நிமிடம் ஓடினால் அங்கே 20 நிமிடம். ஒரு நாள் 72 நிமிடத்தில் முடிந்துவிடும். நிஜத்தைப் போல மூன்று வேளைச் சாப்பாடு என்றால் 24 நிமிடத்துக்கு ஒருமுறை மெனுவைத் திறந்து சாப்பிட வேண்டும். இரண்டு மணி நேரம் ஆடினால் ஐந்து வேளை. நேர வேகத்தை 30 ஆக்கினால் அது 16 நிமிடத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். குழுவில் பலர் பசி மீட்டரை முதலில் செய்துவிட்டு, பிறகு பகலிரவு அழகாக இருக்கட்டும் என்று நேர வேகத்தைக் கூட்டுவார்கள். ஆடுபவர் திடீரென்று சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், காரணமும் யாருக்கும் பிடிபடாது. பசியை உலக நேரத்தோடு கட்டாமல், ஆடிய நேரத்தோடு கட்டுவது பாதுகாப்பு. 40 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஆரம்பியுங்கள்.

அடுத்தது, தண்டனையாக வைப்பதா, பரிசாக வைப்பதா என்பது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (2004) சோதனைக் கட்டத்தில், நீண்ட நேரம் ஆடினால் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்திருந்தார்கள். ஆடியவர்கள் வெறுத்தார்கள். எண்களைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றினார்கள்: முழு அளவாக இருந்தது "ஓய்வெடுத்தவருக்கு 200%" ஆனது, பாதியாக இருந்தது "இயல்பான 100%" ஆனது. அதே கணக்குதான், முறையீடு நின்றது. வால்ஹைமில் (2021) பட்டினியால் சாவு கிடையாது. சாப்பிடாதவரின் உயிர் 25 மட்டும். மூன்று வகை உணவு சாப்பிடலாம், ஒவ்வொன்றும் உயிரையும் தெம்பையும் ஏற்றும். அதனால் சமையல் என்பது சண்டைக்கு ஆயத்தம் ஆகிவிடுகிறது. உணவு வைத்தே ஆக வேண்டும் என்றால் இந்த வழிதான் எங்கள் முதல் சிபாரிசு.

கடுமையை விரும்புகிறவர்களும் உண்டு. ஃபால்அவுட்: நியூ வேகஸ் (2010) அவர்களுக்காக ஹார்ட்கோர் முறையைத் தனியாக வைத்தது. பசி, தாகம், தூக்கம் மூன்றும் உண்டு, தோட்டாவுக்கு எடை உண்டு, மருந்து உடனே குணமாக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், கூட வருபவர் செத்தால் செத்ததுதான். விரும்பியவர் எடுத்துக்கொண்டார், மற்றவர் விட்டுவிட்டார்.

சுமைக்கு எல்லை வைத்தால் ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

எல்லை இருப்பதால் அல்ல, தப்பான இடத்தில் இருப்பதால். தி விட்சர் 3 வெளியானது 2015 மே மாதம். மூலிகை, தோல், இரும்புத் துண்டு எல்லாவற்றுக்கும் எடை இருந்தது. காட்டில் பறித்த இலையின் எடையால் ஓட முடியாமல் மெதுவாக நடந்தவர்கள் ஏராளம். இரண்டு மாதத்தில் வந்த 1.07 பேட்ச் (திருத்த அப்டேட்) கைவினைப் பொருள்களின் எடையை நீக்கியது, கூடவே பொருள்களைப் போட்டுவைக்கப் பெட்டியும் தந்தது. மூலிகை பறிப்பதில் எந்த முடிவும் இல்லை, எதற்குப் பயன்படும் என்று தெரியாததால் எல்லோரும் எல்லாவற்றையும் பறிப்பார்கள். அங்கே எடை வெறும் அபராதம்.

எடை நன்றாக வேலை செய்யும் இடம், உடம்பில் அணிந்திருப்பது. எல்டன் ரிங்கில் பையில் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. அணிந்திருப்பது தாங்கும் அளவில் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடியைத் தவிர்க்க உருளுவது வேகம், 70 சதவீதம்வரை நடுத்தரம், அதற்கு மேல் கனத்த உருளல். ஆடுபவர்கள் 69.9இல் நிற்பதற்காக ஒரு தாயத்தைக் கழற்றி மாட்டி அரை மணி நேரம் யோசிப்பார்கள், அதையும் விரும்பிச் செய்வார்கள். அவுட்வார்டில் (2019) இன்னொரு வழி: பெரிய முதுகுப்பை மாட்டியிருந்தால் உருளுவது மந்தமாகும். சண்டை வந்ததும் பையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டுச் சண்டையிட வேண்டும். தோற்று ஓடினால் பை அங்கேயே கிடக்கும். நிஜத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்வானோ அப்படியே ஒரு முடிவு ஒரே பட்டனில் வருகிறது.

உயிர்ப்புள்ளி முறை (அடிபட அடிபட எண் குறைந்து, பூஜ்ஜியமானால் சாவு) நிஜமே இல்லையே, அதை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். எதிரியின் உருவம், ஆயுதம் படும் காட்சி, எண் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாரோவிண்டில் (2002) புதிதாக ஆரம்பித்தவர் சேற்று நண்டைப் பார்த்து ஓடிப்போய்க் கத்தியால் குத்துவார். கத்தி நண்டின் உடலுக்குள் போய் வருவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் உள்ளே பகடை உருண்டு "படவில்லை" என்று சொல்லும். திறமை குறைவு, அதோடு ஓடி வந்ததில் களைப்பும் சேர்ந்து வாய்ப்பைக் குறைத்துவிட்டது. கணக்கு நியாயமானது. மேசையில் பகடை உருட்டி ஆடும்போது "விலகிவிட்டது" என்று ஒருவர் வாயால் சொல்வார், நம்புவோம். முப்பரிமாணத்தில் கண்ணே சாட்சி. நண்டு விலகும் அனிமேஷன் ஒன்று இருந்திருந்தால் பாதிக் கோபம் தணிந்திருக்கும்.

காதிக் (2001) அதே திறமைக் குறைவை வேறு விதமாகக் காட்டியது. பயிற்சி இல்லாதவன் ஒற்றைக் கை வாளை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தடுமாறுவான். ஆசானிடம் கற்ற பிறகு ஒரு கையில் பிடித்து, காலை மாற்றி வைத்து வீசுவான். திறமை எண்களைக் காட்டும் திரையைத் திறக்காமலே லெவல் ஏறியது தெரியும்.

தலையில் அம்பு பட்டும் சாகாத எதிரி வேண்டுமென்றால், அவனுக்குத் தலைக்கவசம் மாட்டுங்கள், முதல் அம்பில் அது கழன்று விழட்டும். கவசமில்லாத சாதாரண மனிதன் என்றால் மூன்று, நான்கு அடிக்குள் விழட்டும். நாற்பது அடி தாங்க வேண்டியவனைப் பூதமாகவோ கல் உடம்புக்காரனாகவோ வரையுங்கள்.

மந்திரத்துக்கு விதி எழுதுவது எப்படி?

ஒரு தாளை நான்காக மடித்து எழுதுங்கள்: என்ன செய்யும், என்ன செய்யாது, என்ன விலை, ஊரில் இதனால் என்ன மாறியிருக்கும். பெரும்பாலான குழுக்கள் முதல் கட்டத்தோடு நிறுத்திவிடுகின்றன. ஓட்டை விழுவது நான்காவதில்தான்.

காயத்தை நொடியில் ஆற்றும் மந்திரம் காசுக்குக் கிடைக்கிறது என்றால், ஊர் வாசலில் கால் ஊனமாக உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரரை விளக்க வேண்டும். விலை எட்டாதது என்பதும் விளக்கம்தான், ஆனால் யாராவது அதைச் சொல்ல வேண்டும். இடம்விட்டு இடம் தாவும் மந்திரம் எல்லோருக்கும் தெரியும் என்றால், கோட்டைக்கு மதில் எதற்கு? ஃபைனல் ஃபேன்டஸி 7இல் (1997) நாயகனின் தோழி ஏரித்தின் சாவு ஆடியவர்களை உலுக்கியது. ஆனால் சண்டையில் விழுந்தவரை எழுப்பும் பீனிக்ஸ் டவுன் எல்லார் பையிலும் இருந்தது, "அதை ஏன் போடவில்லை?" என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. மிக எளிய தீர்வு பெயரில் இருக்கிறது: சண்டையில் விழுவதை "மயக்கம்" என்று அழையுங்கள், சாவு என்ற சொல்லைக் கதைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு நல்ல உதாரணம் மறுபடியும் அவுட்வார்ட். ஆரம்பத்தில் மந்திர சக்தி அறவே கிடையாது. ஒரு மலையின் உள்ளே போய், உயிர், தெம்பு இரண்டின் உச்ச அளவிலும் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்பது உங்கள் கையில். மந்திரவாதி ஏன் வாள்வீரனைவிட மெலிந்தவன் என்பதற்கு அந்த உலகமே பதில் சொல்லிவிடுகிறது.

தனித்தனி மந்திரங்களை நூறு எழுதுவதைவிடப் பொருள்களுக்குப் பொதுவிதி எழுதுவது நல்லது. செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட் (2017) குழு இதை வேதியியல் எஞ்சின் என்று அழைத்தது. நெருப்பு, தண்ணீர், மின்சாரம் போன்றவை பொருளின் நிலையை மாற்றும். அவை ஒன்றையொன்றும் மாற்றும். பொருள் தானாக இன்னொரு பொருளை மாற்றாது. விதி இவ்வளவுதான். மரக்கேடயம் எரிமலைப் பக்கம் போனால் தீப்பிடிக்கும், இடி இடிக்கும்போது இரும்பு வாளை வைத்திருந்தால் மின்னல் தாக்கும். யாரும் சொல்லித்தராமலே ஆடுபவர் ஊகித்துக்கொள்கிறார், ஊகம் பலிக்கும்போது அந்த உலகத்தை முழுசாக நம்பிவிடுகிறார்.

குதிப்பது, விழுவது, அம்பு விடுவது: இயற்பியலை அப்படியே போடலாமா?

போட்டால் மிதப்பதுபோல் இருக்கும். 1.2 மீட்டர் உயரம் குதிக்கிறார் என்று வையுங்கள். ஈர்ப்பு 9.8 என்றால் அவர் காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடி. கன்ட்ரோலரில் அது நீண்ட நேரம். ஈர்ப்பை 20 ஆக்கி, கிளம்பும் வேகத்தை நொடிக்கு 4.85 மீட்டரிலிருந்து 6.9க்கு ஏற்றினால் அதே உயரம், 0.7 நொடி. குதித்த மாதிரி இருக்கும். விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 நொடிவரை குதிக்க விடுங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அம்புக்கு எதிர்த்திசையில் பொய் சொல்ல வேண்டும். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் நேராக விட்ட அம்பு 50 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 4.9 மீட்டர் கீழே இறங்கிவிடும். புதியவர் குறிவைத்தது தலை, பட்டது தரை. அம்புக்கு மட்டும் ஈர்ப்பைக் கால்வாசி ஆக்கினால் இறக்கம் 1.2 மீட்டர், பழகினால் பிடிபடும் அளவு.

விழுவதில் உயரத்தைத் தாராளமாக வையுங்கள். தி விட்சர் 3இல் பேயையும் பூதத்தையும் வெட்டும் வீரன் ஒரு மாடி உயரத்தில் விழுந்து செத்தது வெகுநாள் பேச்சாக இருந்தது. 2022 டிசம்பரில் வந்த அப்டேட் அந்த உயரத்தைக் கூட்டியது.

நிஜம் என்று நாம் நினைப்பதே தவறாக இருந்தால்?

அடிக்கடி நடக்கிறது. ஐரோப்பிய இடைக்கால ஒற்றைக் கை வாளின் எடை ஏறத்தாழ 1.1 முதல் 1.5 கிலோதான். முழு உலோகக் கவசம் 15 முதல் 25 கிலோ, அது உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். அணிந்தவர் ஓடலாம், விழுந்தால் எழுந்திருக்கலாம். கவசம் போட்டவனை ஆமை மாதிரி நகரவிட்டு அதை நிஜம் என்று சொல்லாதீர்கள். நிஜத்தில் கவசம் பறிப்பது பார்வையையும் மூச்சையும். கிங்டம் கம்: டெலிவரன்ஸில் (2018) மூடிய தலைக்கவசம் போட்டால் கண்ணிடுக்கு வழியாகத்தான் உலகம் தெரியும். பாதுகாப்பா, பார்வையா என்பது நல்ல முடிவு, உண்மையும் அதுவே.

தூரத்தையும் பயணத்தையும் எப்படிக் கையாள்வது?

அன்ரியல் எஞ்சினில் (கேம் செய்யும் மென்பொருள்) கதாபாத்திரத்தின் இயல்பான வேகம் நொடிக்கு 6 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 360 மீட்டர். ஒவ்வொரு 30 முதல் 60 நொடிக்கும் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும் என்றால், 180 முதல் 360 மீட்டருக்கு ஒன்று. ஊருக்கு ஊர் ஐந்து நிமிடம் என்றால் 1.8 கிலோமீட்டர், நேர வேகம் 20 என்றால் அங்கே 100 நிமிடம் ஓடியிருக்கும். ஆகவே வசனத்தில் "பக்கத்து ஊர் மூணு நாள் நடை" என்று எழுதினால் பொய் ஐந்தே நிமிடத்தில் வெளுத்துவிடும். "பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம்" என்று எழுதுங்கள்.

டேகர்ஃபால் (1996) பிரிட்டன் அளவு நிலத்தைக் கொண்டது. நடந்து கடக்க யாருக்கும் பொறுமை இல்லை, எல்லோரும் ஃபாஸ்ட் டிராவல்தான் (வரைபடத்தில் இடத்தைத் தொட்டு நேரே அங்கே போவது). அடுத்து வந்த மாரோவிண்ட் நிலத்தைப் பன்மடங்கு சுருக்கியது, நினைத்த இடத்துக்குத் தாவும் வசதியையும் எடுத்தது. பதிலாக ராட்சதப் பூச்சி வாகனம், படகு, மந்திரவாதிகள் சங்கத்தின் தாவல் என்று தனித்தனி வழித்தடங்கள். எங்கே இறங்கி எதில் மாறுவது என்று பஸ் ஸ்டாண்டில் யோசிப்பதுபோல் யோசிக்க வேண்டும். மாயமான வாகனம், நிஜமான பயணம். இந்த வகையில் இன்றும் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வோம்.

விலைவாசி?

ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளத்தை முதலில் முடிவு செய்து, எல்லா விலையையும் அதோடு ஒப்பிடுங்கள். மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் பயிற்சியில்லாத கூலிக்கு நாளுக்கு 2 வெள்ளி, முழுக் கவசம் 1500 பொன், ஒரு பொன் 10 வெள்ளி. 7500 நாள் கூலி, இருபது வருடத்துக்கு மேல். கவசம் போட்டவர் பிரபுவாகத்தான் இருக்க முடியும் என்று விலையே சொல்கிறது. ஆப்ளிவியன் (2006) இந்த இடத்தில் சறுக்கியது. ஆடுபவரின் லெவல் ஏற ஏற எதிரிகளும் ஏறியதால், வழிப்பறிக்காரன் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் அணிந்துகொண்டு நூறு பொன் கேட்டு மறித்தான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் உட்கார்ந்து சாப்பிடலாம்.

உலகமே தானாக இயங்குவதுபோல் செய்ய ஆசை. எங்கே சிக்கும்?

யாரும் பார்க்காத நிஜத்துக்கு உழைப்பதில். அல்டிமா ஆன்லைன் (1997) குழு, புல், புல்லைத் தின்னும் விலங்கு, அதைத் தின்னும் விலங்கு என்று முழுச் சூழலையே எழுதியது. ஆடியவர்கள் உள்ளே வந்ததும் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள், சங்கிலி ஓடவே இல்லை. கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். ஆடுபவர் கண்முன் நடப்பதை மட்டும் செய்யுங்கள்: காலையில் கடை திறப்பது, மழை வந்தால் ஒதுங்குவது, முன்பின் தெரியாதவன் வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரர் சத்தம் போடுவது.

சேவ் செய்வதையும் உலகத்துக்குள் கொண்டுவரலாமா?

துணிச்சலான யோசனை, ஆனால் ஆடுபவரின் நிஜ வாழ்க்கையைத் தொடும் இடம் அது. கிங்டம் கம்மில் நினைத்தபோது சேவ் செய்ய ஒரு மதுவைக் குடிக்க வேண்டும். காசு போகும், அதிகம் குடித்தால் போதையும் ஏறும். சண்டைக்கு முன் தயங்க வைத்தது, அது வெற்றி. வீட்டில் கூப்பிட்டார்கள் என்று எழுந்துபோக வேண்டியவருக்கோ ஒரு மணி நேர ஆட்டம் போனது. வெளியான சில வாரங்களில் "சேவ் செய்து வெளியேறு" என்ற வசதியைச் சேர்த்தார்கள். நீங்கள் முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

நாங்கள் மூன்று பேர் கொண்ட குழு. இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஐந்து பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து முதல் ஒரு மணி நேரம் ஆடவிடுங்கள். வாயைத் திறக்காதீர்கள், உதவி செய்யாதீர்கள். அவர்கள் சொல்லும் இரண்டே வாக்கியங்களை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

"ஏன் இது முடியல?" என்பது முதலாவது. மரக்கதவை நெருப்பால் எரிக்கப் பார்த்தார், எரியவில்லை. உலகம் ஒன்றைக் காட்டிவிட்டு மறுத்திருக்கிறது. கதவு எரிய விதி எழுதுங்கள், அல்லது அதை இரும்புக் கதவாக மாற்றுங்கள். மூன்று பேர் குழுவுக்கு இரும்புக் கதவுதான் பெரும்பாலும் சரியான பதில், ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

"திரும்பவும் இதா?" என்பது இரண்டாவது. பசியோ, பழுதோ, பூட்டுத் திறப்போ அளவு மீறிவிட்டது. உடனே அந்த அம்சத்தைத் தூக்காமல், முதலில் இடைவெளியை இரட்டிப்பாக்கி வேறு ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். அவர்களும் அதையே சொன்னால் எடுத்துவிடலாம்.